படிக்காமல் பார்ப்பது

பக்கம் வடிவமைப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், ஓவியம் வரைபவர்கள் என்று இளைஞர்கள் பலர் இப்போது என்னிடம் ஒரே கவலையைச் சொல்கிறார்கள். "இயந்திரமே எல்லாவற்றையும் செய்யத் தொடங்கிவிட்டது. நாங்கள் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட வேலைக்கு இனி என்ன மதிப்பு?" எல்லோருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. ஆனால் நான் கற்ற தொழிலின் கருவிகளை என் கண்முன்னே தராசில் ஏற்றி எடைக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகும் அதே துறையில்தான் பிழைத்து வருகிறேன். அந்தக் கட்டத்தைக் கடக்க எது கைகொடுத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்து வரியாக்கும் வேலை அது. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்து வார்த்த சிறிய எழுத்துக் கட்டைகள் மரத்தட்டின் அறைகளில் கிடக்கும். அந்தத் தட்டுக்குக் கேஸ் என்று பெயர். ஆங்கிலத்துக்கு மேல் கேஸ், கீழ் கேஸ் என்று இரண்டு போதும். தமிழ் அதில் அடங்காது. ககரத்துக்கு மட்டும் க, க், கி, கீ, கு, கூ என்று 6 அறைகள். 18 மெய்களுக்கும் கணக்குப் போட்டால் 108. ஙகர வரிசையில் பாதி அறைகளைத் தொடவே வேண்டியிராது என்பது வேறு விஷயம். இவற்றோடு உயிரெழுத்துகள், ஆய்தம், கிரந்த எழுத்துகள், கொம்பு, கால், எண்கள், நிறுத்தற்குறிகள். இடது கையில் எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக், வலது கை கேஸில், கண் கையெழுத்துப் பிரதியில். எழுத்தின் முகம் இடவலம் மாறியிருக்கும், வரியையும் தலைகீழாகத்தான் கோக்க வேண்டும். கை பழகுவதற்கே மாதங்கள் ஆகும்.

எங்கள் போர்மேனை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாதவர். ஒருநாள், பிழை திருத்துவதற்காக எடுத்த மாதிரி அச்சான புரூப் தாளை நான் பார்த்து முடித்ததும், கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இதைப் படித்தாயா, பார்த்தாயா?"

"நன்றாகப் படித்தேன், அண்ணாச்சி."

"படித்தால் பிழை தெரியாது. பார்."

காரணத்தையும் சொன்னார். படிக்கிறவன் மனது அடுத்த எழுத்து வருவதற்கு முன்பே அதை ஊகித்துக்கொள்கிறது. 'மருத்துவமனை' என்ற சொல்லில் 'வ' விழுந்துபோய் 'மருத்துமனை' என்று நின்றாலும், தெரிந்த சொல் என்பதால் மனது இட்டு நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடும். அதனால் வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை பின்னோக்கிப் பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்க்கும்போது வாக்கியம் உருவாவதில்லை. வாக்கியம் இல்லாதபோது ஊகமும் இல்லை, தாளில் இருப்பது மட்டுமே கண்ணில் படும். இன்றும் புத்தகத்தின் அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், படத்தின் கீழே வரும் குறிப்பு இவற்றை நான் பின்னோக்கித்தான் பார்க்கிறேன். பெரிய எழுத்தில் உள்ள பிழைதான் எல்லோர் கண்ணுக்கும் தப்பும்.

உண்மையைப் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அண்ணாச்சி சொன்ன அளவுக்கு எதுவும் எனக்குப் பயன்படவில்லை. இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பதை விலக்கிவிட்டு இருப்பதைப் பார்ப்பதற்கு நல்ல எண்ணம் போதாது, ஒரு பழக்கம் வேண்டும். வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதும், மருத்துவர் எழுதிய சோதனை முடிவைப் பார்க்கும்போதும், பிள்ளைகளைப் பற்றி நானாகவே ஒரு முடிவுக்கு வரும்போதும் அந்தக் கேள்வி என்னை நிறுத்தியிருக்கிறது. படித்தேனா, பார்த்தேனா?

அச்சாகி முடிந்ததும் மேட்டரை, அதாவது கோத்து வைத்த எழுத்துகளை, பிரித்துப் போட வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பச் சேர்ப்பது. யாரும் விரும்பிச் செய்யாத வேலை. மாலையில் களைத்திருக்கும் நேரத்தில்தான் அது வரும். ஆனால் 'ன' அறைக்குள் ஒரு 'ண' விழுந்துவிட்டால், மறுநாள் வேறொருவர் எவ்வளவு கவனமாகக் கோத்தாலும் பிழை வரும். அவர் கை சரியான அறைக்குத்தான் போயிருக்கும். அதனால் எங்கள் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் பிரிக்கத்தான் விடுவார்கள். ஒருவர் பிரிக்கும் விதத்தைப் பார்த்தே அவர் எப்படிக் கோப்பார் என்று அண்ணாச்சி சொல்லிவிடுவார். இன்று கணினியில் கோப்புகளுக்குப் பெயரிடுவதும், பழைய வடிவத்தைத் தனியே எடுத்து வைப்பதும் அதே வேலைதான். முடிந்த வேலையை ஒழுங்காகக் கலைத்து வைப்பவரோடு வேலை செய்யக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சாப்பிடும் முன் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். ஈயம் நஞ்சு. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

படைப்புத்திறன் என்ற பெரிய சொல்லை அந்த அச்சகத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அது தினமும் தேவைப்பட்டது. கையிருப்பில் உள்ள எழுத்து அளவோடுதான் இருக்கும். 'ளை' அதிகம் வரும் ஒரு கட்டுரை வந்தால் பாதியிலேயே அறை காலியாகிவிடும். ஆசிரியரின் சொல்லை மாற்றக் கூடாது, அது எங்கள் உரிமை இல்லை. பக்கங்களை எந்த வரிசையில் கோப்பது, சேர்த்து அச்சேற்றும் பக்கங்களின் தொகுதியான பாரங்களில் எதை முதலில் அச்சிட்டுக் கலைப்பது, எங்கே நிறுத்திக் காத்திருப்பது என்று திட்டமிட்டுத்தான் முடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குப் பித்தளை ரூல்களையும் பார்டர் துண்டுகளையும் வைத்துக் குத்துவிளக்கும் கோபுரமும் செய்து காட்டிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுகளுக்கு வளையத் தெரியாது. நேர்கோட்டையும் சிறு பூவையும் மட்டும் கொண்டு வளைவு இருப்பதாகக் கண்ணை நம்பவைக்க வேண்டும்.

இது அச்சுத் தொழிலோடு பிறந்த குணம் என்றே நினைக்கிறேன். தரங்கம்பாடிக்கு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தபோது அவை அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதமோ தட்டுப்பாடு. அந்த எழுத்தில் அச்சிட்டால் ஒரு நூலுக்குள்ள காகிதம் எங்கிருந்து வரும்? தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலை அமைக்கவும் முயன்றார்கள். தமிழ் எழுத்து அளவில் சிறுத்ததற்குக் காகிதப் பஞ்சம் ஒரு காரணம். எனக்கு வேலை ஓடாதபோது நான் முதலில் செய்வது, என்னிடம் இல்லாதவற்றை எழுதி வைப்பதுதான். பெரும்பாலும் வடிவம் அந்தப் பட்டியலிலிருந்துதான் கிடைக்கிறது.

நான் சேர்ந்த காலத்திலேயே முதல் மாற்றம் வந்தது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும், அவற்றின் ஒகர ஓகார வரிசைக்கும், ணை, லை, ளை, னை நான்குக்கும் அதுவரை தனித்தனி உருவங்கள் இருந்தன. யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த அந்தப் பழைய 'லை'யைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மொத்தம் 13 எழுத்துகள். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு இவற்றைச் சீராக்கி ஆணையிட்டது. பெரியார் தம் குடி அரசு இதழில் 1935-லேயே இந்தச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியிருந்தார். அச்சிட்டு, விற்று, மக்கள் படித்துக் காட்டிய ஒரு முறை அரசு ஏற்பதற்கு 43 ஆண்டுகள் காத்திருந்தது. எங்கள் அச்சகத்தில் மூத்தவர்கள் சிலர் மனம் நொந்தார்கள். சில காலம் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒரே பக்கத்தில் கலந்து வந்தன. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் பழகிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு, ஒரு மாற்றம் நல்லதா என்று அதற்குப் பழகியவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது சுமையைக் குறைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.

அடுத்து வந்தது பெரிய அடி. தொண்ணூறுகளில் ஆப்செட்டும் கணினியும் எங்கள் ஊருக்கு வந்தன. உரிமையாளர் நல்லவர்தான், ஆனால் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ஒருநாள் கேஸ்களை எல்லாம் சாக்கில் கவிழ்த்து ஈய விலைக்கு விற்றார். கம்பாசிட்டர்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். ஒருவர் பலசரக்குக் கடை வைத்தார். அண்ணாச்சி ஊருக்குத் திரும்பி வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும் ஒரு டி.டி.பி. மையத்தில் போய் நின்றேன். அங்கிருந்த பிள்ளைகள் மின்னல் வேகத்தில் தட்டினார்கள். வேகத்தில் அவர்களோடு போட்டியிட முடியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர்கள் எடுத்துத் தந்த தாளைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் தெரிந்தது. பக்கம் அமைக்க அன்று பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. அதன் கணக்கில் கொம்பும் ஓர் எழுத்து, காலும் ஓர் எழுத்து. வரி நிறைந்ததும் கொம்பை இந்த வரிக் கடைசியில் விட்டுவிட்டு, அதற்குரிய மெய்யை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கும். தமிழ் அச்சில் அது ஆகாது என்று ஈய எழுத்துக் காலத்தில் எங்களுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள். சொற்களுக்கு இடையே ஓர் இடத்தில் ஆறுபோல் வெளி, இன்னோர் இடத்தில் நெருக்கடி. பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. அவர்கள் மேல் குறையில்லை, யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. இத்தனை காலம் எழுத்துக் கட்டைகளைப் பொறுக்குவதே என் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் வாசகரின் கண் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். கட்டைகள் போய்விட்டன. வாசகர் இருக்கிறார், அவர் கண்ணும் இருக்கிறது. நான் தட்டச்சையும் கற்றுக்கொண்டேன். பழைய தட்டச்சு முறை, பிறகு 1999-ல் தரப்படுத்திய தமிழ்நெட் 99 முறை. ஆனால் பிழைப்பு, அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பு பார்ப்பதிலும் பக்கத்தைச் செம்மை செய்வதிலும்தான் அமைந்தது.

இளைஞர்களிடம் நான் சொல்வது இதைத்தான். உங்கள் கருவியை ஒருநாள் மேசையிலிருந்து எடுத்துவிட்டால், உங்கள் வாடிக்கையாளருக்கு அப்போதும் என்ன தேவைப்படும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கருவியின் பெயர் வராமல் எழுத வேண்டும். 'ஃபோட்டோஷாப் தெரியும்' என்று எழுதினால் அது கருவி. 'மருந்துக் கடைப் பலகையைப் பஸ்ஸில் போகிறவர் ஒரு நொடியில் படிக்கும்படி செய்வேன்' என்று எழுதினால் அது வேலை. அந்தத் தாளில் ஒன்றும் எழுத வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், கருவியிலிருந்து சற்று விலகி, அதைப் பயன்படுத்தும் மனிதரைக் கொஞ்ச நாள் கவனியுங்கள்.

வாழ்க்கையின் நோக்கத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரோஜா முத்தையா செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கி, 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்க வழிசெய்தது. பலகை எழுதுவதற்கு மாதிரிகள் தேடியவருக்கு அச்செழுத்தின் மேல் ஆசை வந்திருக்க வேண்டும், ஆசை பழக்கமாகி, பழக்கம் பிறருக்குச் செல்வமாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த நூலகத்தின் அருமையை நான் நேரில் அறிந்தேன். ஒரு பதிப்பகத்துக்காகப் பழைய செய்யுள் தொகுப்பு ஒன்றின் மறுபதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெண்பாவில் 'முற்றில்' என்று ஒரு சொல் நின்றது. பொருள் ஓடவில்லை. இரண்டு முந்தைய பதிப்புகளிலும் அப்படியே இருந்தது. அவற்றில் ஒன்றில் அந்தச் சொல்லுக்கு நீண்ட விளக்கமும் எழுதியிருந்தார்கள். எழுதியவருக்குப் புலமை இருந்தது, கற்பனையும் இருந்தது. நூலகத்தில் முதற்பதிப்பை எடுத்துப் பார்த்தால், 'முன்றில்' என்று தெளிவாக இருந்தது. வீட்டு முற்றம், அவ்வளவுதான். எங்கோ ஒரு கை ஓர் எழுத்தை மாற்றிக் கோத்திருக்கிறது, அடுத்து வந்தவர்கள் பார்க்காமல் படித்திருக்கிறார்கள், கடைசியாக வந்தவர் பிழைக்குப் பொருள் கண்டிருக்கிறார். படைப்புத்திறன் உண்மையை விட்டு நழுவும் இடம் இதுதான். புரியாத இடத்தை நம் திறமையால் புரிந்ததுபோல் ஆக்கிவிட முடியும். திறமை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது.

இதற்கு உ.வே. சாமிநாதையர் வகுத்த வழியை நான் பின்பற்றுகிறேன். சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தபோதே ஏடுகளை ஒப்பிட்டுத்தான் செய்தார். பிறகு கிடைத்த ஏடுகளைக் கொண்டு திருத்தி 1907-ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். ஏடுகள் ஒன்றோடொன்று மாறுபடும் இடங்களில் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். தாம் ஏற்ற பாடம் இது, வேறு ஏட்டில் இப்படியும் உண்டு என்று வாசகர் முன் வைத்துவிடுவது. நான் மெய்ப்பில் அடித்துத் திருத்துவதைவிட ஓரத்தில் கேள்விக்குறி போடுவதே அதிகம். ஆசிரியர் பதில் சொல்லட்டும். சில ஆசிரியர்கள் கோபப்படுவார்கள். கேள்வியோடு ஆதாரத்தையும் பக்க எண்ணோடு எழுதிவிட்டால் கோபம் தணிந்துவிடும்.

மூன்றாவது மாற்றம், கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு. தமிழக அரசு 2010-ல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஒவ்வொரு குறியீட்டை வைத்திருந்த குழப்பம் மெல்ல ஓய்ந்தது. ஆனால் பழைய கோப்புகளை மாற்றும்போது ஒரு புதுவகைப் பிழை வந்தது. 'கௌரவம்' என்ற சொல்லின் ஔகாரக் குறிக்குப் பதிலாக, கொம்பு ஒன்றும் ளகரம் ஒன்றும் தனித்தனியாக நின்றன. 'ர்' வர வேண்டிய இடத்தில் காலுக்கு மேல் புள்ளி வைத்திருந்தார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். ஈய எழுத்திலும் ஔகாரத்துக்கு அந்த ளகரக் கட்டையைத்தான் வைத்தோம், அப்போது அதில் தவறேதும் இல்லை. அதனால் என் கண் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "ஐயா, நீங்கள் மெய்ப்பு பார்த்த மின்னூலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'கெ ளரவம்' என்று படிக்கிறது. அது என்ன சொல்?" அவர் திரைவாசிப்பான் மென்பொருள் வழியாகப் புத்தகங்களைக் கேட்கிறவர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அவர் காதுக்கு வேறாக ஒலித்தது. வாசகரின் கண் தடுக்கக் கூடாது என்று இத்தனை ஆண்டுகள் உழைத்த எனக்கு, கண்ணால் படிக்காத வாசகர்களும் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெண் உணர்த்தினார். அன்று முதல் அவருக்காகவும் பார்க்கிறேன்.

இந்தப் பிழையைத் திருத்தப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொம்பும் ளகரமும் சேர்ந்த இடங்களை எல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரமாக மாற்றிவிடாதீர்கள். தெளிவு, வெள்ளம், கெளுத்தி எல்லாம் சிதைந்துவிடும். தேடுங்கள், ஒவ்வொன்றாக நின்று பாருங்கள், மாற்றுங்கள். அலுப்பான வேலைதான். இதற்குச் சிறு நிரல் எழுதித் தரும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் நிரல் சந்தேக இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறது, முடிவை நான் எடுக்கிறேன். இயந்திரத்தோடு நான் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான், இதுவரை எனக்குக் குறை இல்லை. கடைசி மெய்ப்பைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்கவும் செய்கிறேன். கண் விட்டதைக் காது பிடிக்கிறது.

மாலை நேரங்களில் இப்போது, தன்னார்வலர்கள் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் தமிழ் விக்கிமூலத்தில் உட்காருகிறேன். நாட்டுடைமையான பழைய நூல்களின் வருடிய பக்கம் ஒரு புறம், இயந்திரம் அதிலிருந்து படித்தெடுத்த எழுத்து மறுபுறம். மங்கிய அச்சில் ககரத்தை 'சு' என்று எடுத்திருக்கும், னகரத்தை ளகரமாக்கியிருக்கும். ஒருவர் பார்த்து முடித்த பக்கம் மஞ்சளாகும். அதைப் பச்சையாக்க அவரால் முடியாது, இன்னொருவர் வந்து மறுபடி பார்க்க வேண்டும். எங்கள் அச்சகத்திலும் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் புரூபைப் பார்ப்பார். அதே ஏற்பாடு இங்கே ஊர் தெரியாத, முகம் தெரியாத இருவருக்கு இடையே நடக்கிறது. கணக்கு தொடங்கினால் யாரும் சேரலாம், தமிழ் தட்டச்சு தெரிந்தால் போதும். மஞ்சளாகவே காத்திருக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.